இரவற் குரலின் விலை

பத்திரிகை ஒன்றை வாங்குகின்றவர் கடதாசிக்குக் காசு கொடுக்கின்றார், மைக்குக் கொடுக்கின்றார், எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் அக்காசில் ஒரு பங்கு போய்ச் சேருகின்றது. ஆனால் அச்செழுத்துத் தம் கண்ணுக்குள் வந்து விழுவதற்கென்று அவர் தனியாக ஒரு சதமும் கொடுப்பதில்லை. பார்வை என்பது வீட்டுக் கிணற்று நீர் போன்றது; அள்ளுகின்றவர் கணக்கு வைப்பதில்லை. எம்மைப் போன்ற விழிப்புலனற்றோரின் நிலை வேறு. எமக்கு எழுத்து ஒலியாக வந்தாக வேண்டும். அந்த ஒலியை யாரேனும் எழுப்ப வேண்டும். மனிதர் எழுப்பினால் அதற்கு ஒரு விலை உண்டு. இயந்திரம் எழுப்பினால் இன்னொரு விலை. இரண்டாவது விலையைப் பற்றியே இங்கே பேச எண்ணினோம். முதலாவதைத் தொடாமல் அதனைப் பேச இயலாதாகையால் இரண்டும் கலந்தே வரும். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணினித் திரையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் உள்ள எழுத்துக்களை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அதனைப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. நாதஸ்வரமும் சீவாளியும் போல இதில் இரண்டு பாகங்கள் உண்டு. திரையில் எது எங்கே இருக்கின்றது, எதை முதலில் சொல்ல வேண்டும் என்று அறிவது திரைவாசிப்பானின் வேலை. அறிந்ததை ஒலியாக்குவது குரலின் வேலை. குழல் எவ்வளவு உயர்ந்த ஆச்சாமரத்தில் கடைந்ததாயினும் சீவாளி கெட்டதாயின் கச்சேரி கெட்டது. குழலும் சீவாளியும் தனித்தனியே விலைக்கு வருவதுபோலவே, திரைவாசிப்பானும் குரலும் பெரும்பாலும் தனித்தனியே விலைக்கு வருகின்றன.

தொடக்க காலத்து விலைகளைக் கேட்டால் இன்றைய இளைஞர் நம்பமாட்டார். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த டெனிஸ் கிளாற் என்பவரின் உழைப்பிலிருந்து பிறந்த டெக்ரோக் என்னும் பேசும் பெட்டி 1984 ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 4,000 டொலர். கணினிக்கு வெளியே வைக்க வேண்டிய ஒரு பெட்டி அது. அதிலிருந்த ஆண் குரலைக் கிளாற் தமது சொந்தக் குரலை அடிப்படையாகக்கொண்டு அமைத்தார். பெண் குரலுக்குத் தமது மனைவியின் குரலையும் குழந்தைக் குரலுக்குத் தமது மகளின் குரலையும் மாதிரியாகக் கொண்டார். ஒரு குடும்பமே பெட்டிக்குள் குடியேறிவிட்டது என்று சொல்லலாம். 1988 இல் அவர் புற்றுநோயால் காலமானார். ஆனால் அவர் வகுத்த குரல் இறக்கவில்லை. விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்கின் குரல் என்று உலகம் அறிந்திருந்தது கிளாற்றின் வழிவந்த அக்குரலையே. பிற்காலத்தில் இதைவிட இயல்பான குரல்கள் வந்தபோதும் ஹோக்கிங் அதனை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. குரல் என்பது வெறும் கருவியன்று, பழகப் பழக அது மனிதனோடு ஒட்டிக்கொள்கின்றது என்பதை அவர் மூலம் உலகம் கண்டது. நாம் அதனை வேறு விதமாக அறிவோம்.

பிறகு விலை மெல்ல இறங்கிற்று. பெட்டி போய் மென்பொருள் வந்தது. அமெரிக்காவின் ஜோஸ் என்னும் திரைவாசிப்பானை, மோட்டார் விபத்தில் பார்வையிழந்த ரெட் ஹென்ரர் என்பவர் 1989 இல் வெளியிட்டார். அதன் நிரந்தர உரிமம் நெடுங்காலம் ஆயிரம் டொலரை ஒட்டியே விற்கப்பட்டது. நல்ல குரலும் அதனோடு சேர்ந்து வந்தது என்பது உண்மை; ஆயினும் நமது நாட்டிலே ஓர் ஆசிரியர் பல மாதச் சம்பளத்தைக் கொடுத்துத்தான் அதனைப் பெறலாம் என்றால், பெறமாட்டார் என்பதே பொருள். 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கறன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் ரே அவரோடு சேர்ந்துகொண்டார். அது இலவசம். உலகெங்கும் ஏழை நாடுகளின் பார்வையற்ற பிள்ளைகள் கணினியைத் தொட்டது அவ்விருவரின் தயவால் என்றால் மிகையாகாது. இவ்வாறு குழலின் விலை இல்லாமற் போயிற்று. சீவாளியின் கதைதான் இன்னும் முடியவில்லை.

என்.வி.டி.ஏ.யுடன் ஈஸ்பீக் என்னும் குரல் இலவசமாக வருகின்றது. யொனதன் டடிங்ரன் என்பவர் 1995 இல் ஏக்கோண் கணினிகளுக்கென எழுதத் தொடங்கிய ஒன்று, வளர்ந்து, பல கைகள் பட்டு, இன்று நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுகின்றது. அவற்றுள் தமிழும் ஒன்று. முழுவதும் சில மெகாபைற்றுக்குள் அடங்கிவிடும். ஒரு புகைப்படத்தின் அளவு. அதிலே மனிதர் பேசிய சொற்கள் எவையும் பதிவாகவில்லை. தொண்டையும் வாயும் எவ்வாறு ஒலியை வடிக்கின்றன என்ற விதிகளைக்கொண்டு பெரும்பாலும் கணினியே ஒலியைச் செய்கின்றது. ஆகவே அது தகரத்தில் மழை விழுவதுபோல ஒலிக்கும். ஆனாலும் நாம் முதன்முதலாகத் தமிழ் எழுத்தொன்றைப் பிறர் துணையின்றி வாசித்தது அந்தத் தகரக் குரலாலேதான். அதற்கு முந்திய ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் மௌனமாகிவிடும். சில வேளை "கேள்விக்குறி, கேள்விக்குறி" என்று அடுக்கும். 2011 இல் ஒரு மாலைப்பொழுது, "யாழ்ப்பாணம்" என்ற சொல்லை ஈஸ்பீக் உச்சரித்தது. ழகரம் சரியாக விழவில்லை. அதனால் என்ன? அன்றிரவு நாம் நித்திரை கொள்ளவில்லை.

இனி, மனிதக் குரலின் விலைக்கு வருவோம்.

1990 ஆம் ஆண்டிலிருந்து சில வருடங்கள் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இருக்கவில்லை என்பதை அக்காலத்தவர் மறக்கமாட்டார்கள். மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயை விட்டு, திரியைச் சிறிதாக்கி, அந்த மின்மினி வெளிச்சத்தில் ஊர் முழுவதும் படித்தது. நாம் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்த காலம் அது. பிறெயிலில் பாடநூல் கிடையாது. எமது அக்கா வாசிப்பார், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். எமக்கு வெளிச்சம் வேண்டியதில்லை. இருட்டிலும் பகலிலும் எமக்கு ஒன்றே. விளக்கு எரிந்ததெல்லாம் அக்காவின் கண்ணுக்காக. அக்காவின் கண் விழித்ததெல்லாம் எமது காதுக்காக. அரைப் போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்கு வரும், ஓர் இரவில் எத்தனை பக்கம் முடியும் என்று அம்மா விரல்விட்டு எண்ணுவார். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று குரலுக்கு விலை போட்டுப் பார்த்த முதல் மனிதர் எமக்குத் தெரிந்தவரையில் எமது தாயார்தான்.

எண்ணெய்க்குத்தான் கணக்கு இருந்தது. அக்காவுக்கு இருக்கவில்லை. இரண்டு வருடம் அவர் வாசித்தார். இந்து நாகரிகமும் அரசியலும் அவருக்கும் மனப்பாடமாயிற்று. பரீட்சை எழுதியவர்கள் நாம். எந்த நாட்டிலும் பார்வையற்றவனுக்கு முதற் குரலாக அமைகின்றவர் தாய், சகோதரி, மனைவி ஆகிய மூவரில் ஒருவரே. அதனை இலவசம் என்று சொல்வது உலக வழக்கம். வழக்கத்தில் உள்ள பொய்களில் அதுவும் ஒன்று.

ஆகவேதான், "இலவசக் குரல் இருக்கின்றதே, இயல்பான குரல் வேண்டும் என்பது ஆடம்பரமன்றோ?" என்று படித்தவர் சிலர் எம்மிடம் கேட்கும்போது உடனே விடை சொல்ல முடிவதில்லை. கேள்வியில் பாதி நியாயம் உண்டு. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகின்றோம். பழகிய பார்வையற்றவர்கள் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு சொற்கள் என்ற வேகத்தில் கேட்பார்கள். மனிதர் பேசும் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பக்கத்திலிருப்பவருக்கு அது வண்டு இரைவது போலிருக்கும். அந்த வேகத்தில் மனிதக் குரலைப்போல் அமைந்த குரல்கள் குழைந்துவிடுகின்றன. இயந்திரக் குரலோ கத்தி முனைபோல் நிற்கின்றது. எலோகுவென்ஸ் என்னும் பழைய ஆங்கிலக் குரலை இன்றும் பல்லாயிரம் பேர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் அதுவே. 2022 இல் அப்பிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசியில் அதனைச் சேர்த்தபோது பார்வையற்றோர் உலகில் பெருநாள் கொண்டாடியதுபோல் இருந்தது. விசையை அழுத்தியதும் கண்ணிமைப்பில் பேச வேண்டும், எழுத்தெழுத்தாகக் கேட்டாலும் தெளிவாக இருக்க வேண்டும், வேகத்தில் உடையக்கூடாது. இவையே எமக்கு உயர்ந்த குரலின் இலக்கணம். இனிமை நான்காவது. அலுவலகக் கடிதத்தை வாசிக்க இலங்கை வானொலி அறிவிப்பாளரின் குரல் வேண்டியதில்லை.

மற்றப் பாதிக்கு வருகின்றோம். எலோகுவென்ஸ் தமிழ் பேசாது. தெளிவும் வேகமும் பொருந்தியதும், மலிவானதும், கணினிக்குள்ளேயே இருப்பதுமான அத்தகைய குரலொன்று தமிழுக்கு எக்காலத்திலும் வாய்க்கவில்லை. எமக்கு முன்னுள்ளவை ஒருபுறம் தகரம், மறுபுறம் பட்டு. இடையில் நல்ல பருத்தி இல்லை.

தமிழைப் பேசவைப்பது சுலபமன்று என்பதையும் சொல்ல வேண்டும். "கடல்" என்பதில் வரும் ககரம் வேறு, "பகல்" என்பதில் வேறு, "தங்கம்" என்பதில் வேறு. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. இவற்றை விதியாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் "காந்தள்" என்று மலரின் பெயர் வரும்போது ஒரு விதமாகவும் "காந்தி" என்று மகாத்மாவின் பெயர் வரும்போது வேறு விதமாகவும் ஒலிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு எந்த விதி சொல்லும்? "பல்" வேறு, "பஸ்" வேறு. இதற்கு மனிதர் பேசிய பல மணிநேரப் பதிவு வேண்டும். முன்பெல்லாம் ஒருவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் நாட்கணக்காக இருத்தி வாசிக்கவைத்து, அந்த ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, வேண்டிய சொல்லுக்கு வேண்டிய துண்டுகளை ஒட்டிப் பேசவைத்தார்கள். 2016 இல் டீப்மைண்ட் நிறுவனம் வேவ்நெற் என்ற முறையை வெளியிட்ட பின்னர், துண்டு ஒட்டுவது போய், பதிவைக் கேட்டுக் கேட்டுக் கணினியே பேசக் கற்கும் காலம் வந்துவிட்டது. இப்போது வரும் குரல்கள் மூச்செடுக்கின்றன. கேள்வியைக் கேள்வியாகக் கேட்கின்றன. வாசித்தவருக்கும் மொழியியல் அறிஞருக்கும் பொறியியலாளருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. குரல் செய்பவனும் சாப்பிட வேண்டும். எமது வருத்தம் விலை இருப்பதில் அன்று. அதை எம்மீது எவ்வாறு விதிக்கிறார்கள் என்பதிலேதான்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இணையத்தின் வழியே உயர்ந்த குரல் தரும் பெருநிறுவனங்கள் எழுத்தை எண்ணிக் காசு வாங்குகின்றன. பத்து லட்சம் எழுத்துக்கு 15 அல்லது 16 டொலர் என்பது அண்மைக் காலம்வரை அவற்றின் வழக்கமான கட்டணம். கேட்பதற்கு அற்பமாக இருக்கின்றது அல்லவா? கணினி எழுத்தை எண்ணும் முறை வேறு. "தமிழ்" என்ற மூன்றெழுத்து அதன் கணக்கில் ஐந்து. மகரத்தின் மேல் விசிறி ஒன்று, ழகரத்தின் மேல் புள்ளி ஒன்று. ஒற்றெழுத்துக்கும் கொம்புக்கும் காலுக்கும் கட்டணம் கட்டுகின்ற மொழி நம்முடையது! சற்று விரைவாகக் கேட்கும் ஒரு மாணவிக்கு நிமிடத்துக்கு 1,800 எழுத்து என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஒரு லட்சத்து எண்ணாயிரம். நாளுக்கு ஐந்து மணிநேரம் படித்தால் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். மாதத்தில் ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சம். 16 டொலர் வீதம் 259 டொலர். டொலர் 300 ரூபா என்று கொண்டால் 77,000 ரூபாவுக்கு மேல். மாதந்தோறும். இத்தகைய சேவையொன்றிலே முதல் ஐந்து லட்சம் எழுத்து மாதாமாதம் இலவசம் என்று ஒரு சலுகையும் உண்டு. எமது மாணவிக்கு அது முதல் நாள் மாலையிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. கண்ணுள்ளவர் திரையை ஒருமுறை பார்த்து வேண்டாததைத் தள்ளிவிடுகின்றார். நாம் வேண்டாததையும் கேட்டுத்தான் தள்ள வேண்டும். ஒரு கடிதத்தைத் திறக்கும் முன்னர் "கோப்பு", "திருத்து", "காட்சி" என்று எத்தனை முறை கேட்கின்றோம்! எழுத்தை எண்ணிக் காசு வாங்கினால், வழியில் தடுக்கும் கல்லுக்கெல்லாம் வரி கொடுத்ததாகும். நல்லவேளையாக, திரைவாசிப்பான்கள் இத்தகைய இணையக் குரல்களை நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தும் கடல் கடந்து போய் ஒலியாகித் திரும்பி வரும்வரை யார் காத்திருப்பது?

அப்படியாயின் வழியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நியாயமாகச் சொல்ல வேண்டும். கூகிளின் தமிழ்க் குரல் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. கேட்கத் தகுந்த குரல். விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்திய அரசின் பணத்தில், சென்னை ஐ.ஐ.ரி.யின் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் தலைமையில், பல பல்கலைக்கழகங்கள் கூடித் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் குரல்கள் செய்தன. மைக்ரோசொப்ட் நிறுவனம் இலங்கைத் தமிழ் என்று தனியே குறித்து, குமார், சரண்யா என்ற பெயர்களில் இரு குரல்களையும் வைத்திருக்கின்றது. எட்ஜ் உலாவியில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் அவற்றைக் காசின்றிக் கேட்கலாம். இணையத் தொடர்பு மட்டும் வேண்டும். சரண்யாவின் குரல் இனிமையாகவே இருக்கின்றது. யாழ்ப்பாணத்தவர் என்று எமது செவி ஒப்புக்கொள்ளவில்லை. "காற்று" என்று சொல்லும்போது பிடிபட்டுவிடுகின்றார். ஆனால் அது வானொலியைப்போல் தலைப்பிலிருந்து கடைசிவரை வாசிக்கும் வசதி. நின்று, பின்சென்று, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிக் கேட்டுப் படிக்க அதனால் இயலாது.

எழுத்துக்கூட்டுவது சிறிய விடயமன்று. காதினாலேயே படிக்கின்ற பிள்ளைக்கு லகர ளகர ழகரங்களையும் னகர ணகரங்களையும் ரகர றகரங்களையும் பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். குரல் "பழம்" என்பதைப் "பளம்" என்று சொன்னால், பிள்ளை பரீட்சையிலும் அப்படியே எழுதும். கண்ணுள்ள பிள்ளை ஆயிரம் முறை அச்சில் பார்த்துத் தன்னையறியாமல் கற்பதை, பார்வையற்ற பிள்ளை அந்தக் குரலின் நாவிலிருந்துதான் கற்கின்றது. பிறெயில் தெரிந்தால் தப்பலாம். ஆயின் கணினியோடு இணைக்கும் பிறெயில் பலகையின் விலையைக் கேட்டால், குரலின் விலை மலிவு என்று தோன்றிவிடும்.

நாமும் ஒரு குரலை விலைக்கு வாங்கியிருந்தோம். 2021 இல், ஆங்கில நூல்கள் வாசிப்பதற்கென்று, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிடம் 60 டொலருக்கு. அன்று டொலர் 200 ரூபா. நமது வங்கி அட்டையை அந்தக் கம்பனி ஏற்கவில்லையாதலால் கனடாவிலிருக்கும் மைத்துனர் கட்டினார். (யாழ்ப்பாணத்துப் பார்வையற்றவர்களின் கணினிகளில் ஒலிக்கும் நல்ல குரல்களிற் பலவற்றுக்கு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு மைத்துனர் இருக்கின்றார்.) அடுத்த வருடம் மடிக்கணினியின் வட்டு பழுதாயிற்று. குரல் அந்த வட்டோடு பிணைந்திருந்தது. கம்பனிக்கு எழுதினோம். புதிய இயந்திரத்துக்குப் புதிய உரிமம் வாங்குக என்று மரியாதையான ஒரு மறுமொழி வந்தது. அதற்குள் டொலர் 360 ரூபா ஆகியிருந்தது. அதே குரல் 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவுக்கு உயர்ந்துவிட்டது; ஒரு சொல்லும் கூடுதலாகக் கற்காமலே. அந்த ஆண்டில் பாலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றவர்களிடம் போய், எமக்கு ஒரு குரல் எட்டாமற் போயிற்று என்று சொல்ல வாய் எழுமா? வாங்காமல் விட்டோம். ஒரு வருடம் பழகிய குரல் திடீரென்று இல்லாமற் போனது மட்டும், வீட்டில் இருந்த ஒருவர் சொல்லாமல் போய்விட்டதுபோல் சில நாட்கள் இருந்தது.

விற்பனையே நின்றுபோகும் குரல்களும் உண்டு. ஐஸ்லாந்தின் கதை இதற்குச் சான்று. அந்நாட்டின் சனத்தொகை அக்காலத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரம் அளவு; யாழ்ப்பாண மாவட்டத்தை விடக் குறைவு. இவ்வளவு சிறிய மொழிக்கு எந்தக் கம்பனியும் தானாக முன்வந்து நல்ல குரல் செய்யாது என்று கண்ட அந்நாட்டுப் பார்வையற்றோர் சங்கம், தானே முயன்று பணம் திரட்டி, போலந்தின் ஐவோனா என்ற கம்பனியிடம் இரண்டு குரல்களைச் செய்வித்தது. ஆண் குரலுக்குக் கார்ல், பெண் குரலுக்குத் தோரா என்று பெயர். அவை மிகச் சிறந்து விளங்கின. 2013 இல் அமேசன் நிறுவனம் ஐவோனாவை வாங்கிற்று. பின்னர், தனி மனிதர் கணினிக்கென வாங்கக்கூடியதாயிருந்த ஐவோனாக் குரல்களின் விற்பனை நின்றுபோயிற்று. கார்லும் தோராவும் இன்று அமேசனின் கட்டணக் குரல்களின் வரிசையில், எழுத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கின்றனர். சங்கத்தின் முயற்சியை நாம் குறைகூறவில்லை. அவர்கள் செய்தது செய்யத் தக்கதே. ஐஸ்லாந்தியரைப்போல நாமும் ஒரு குரல் செய்விக்க முற்படும் நாளில், பதிவு செய்த ஒலி யாருக்குச் சொந்தம் என்ற வரியை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், அச்சு நூல்களைப் பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் ஆக்குவதற்கு இடந்தரும் மராகேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்துகொண்டது. நூலைத் தரும் சட்டம் வந்துவிட்டது. அதை வாசிக்கும் தொண்டை இன்னும் வந்து சேரவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியில் சிங்கள மொழிக்கு ஒரு திறந்த குரல் 2007 அளவில் செய்யப்பட்டது. ஈழத்துத் தமிழுக்கு அப்படியொன்றைச் செய்ய ஒரு பல்கலைக்கழகத் துறையும், நல்ல உச்சரிப்புள்ள இருவரும், ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் போதும் என்றே எண்ணுகின்றோம். வானொலியில் ஒரு காலம் கோலோச்சிய மண் இது. உச்சரிப்புக்கு ஆள் தேடித் தமிழ்நாட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

இளையவர்களைவிட எமக்குக் கவலை தருபவர்கள் முதியவர்கள். நீரிழிவினால் அறுபது வயதுக்குமேல் பார்வை இழப்பவர்கள் நமது ஊரில் எத்தனை பேர்! வாழ்நாள் முழுதும் காலையில் பத்திரிகை வாசித்தவர்கள். அவர்களுக்குப் பிறெயில் படிய விரல் இல்லை. தகரக் குரலைப் பழகக் காதும் இல்லை. இயல்பான குரல் எவருக்கேனும் இன்றியமையாதது என்றால் அவர்களுக்கே. எமக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவருக்கு ஈஸ்பீக்கைப் போட்டுக்காட்டினோம். சற்று நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உவன் என்ன பாஷை பேசிறான்?" என்றார். பிறகு கைத்தொலைபேசியில் கூகிளின் குரலில் மரண அறிவித்தல் பக்கத்தை வாசிக்கவைத்தோம். அதிலே தமது பழைய நண்பர் ஒருவரின் பெயர் வந்ததும் கையை நீட்டித் தொலைபேசியைத் தடவினார். இப்போது அவர் வீட்டில் நாள்தோறும் அது ஒலிக்கின்றது. டேற்றாவுக்குப் பணம் போடுவது பேரன்.

எம்மிடம் தமிழ் படிக்க வரும் மாணவி ஒருத்தி இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகின்றாள். பிறவியிலேயே பார்வையில்லை. தாயார் வீட்டிலிருந்து தைக்கின்றார். பாடக் குறிப்புக்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, நாளுக்கு ஐந்து ஆறு மணிநேரம் ஈஸ்பீக்கைக் கேட்கின்றாள். மேலே சொன்ன 77,000 ரூபாக் கணக்கு அவளுக்காகவே போட்டது. ஒரு நாள் பாடத்தின் நடுவே, "சேர், உந்தக் குரலுக்கு மூச்சு வாங்காதோ?" என்று கேட்டாள். நாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்காத குரலைத் தொடர்ந்து கேட்டால், கேட்கின்றவருக்கு மூச்சு முட்டுகின்றதாம். வசனம் எங்கே முடிகின்றது என்று தெரியாமல் தலை இடிக்கின்றதாம். பொருளியலுக்கு அது பரவாயில்லை, தமிழ் இலக்கியத்துக்கு ஆகாது என்றாள். செய்யுளைத் தகரத்தில் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

அதன் பிறகு அவளே ஓர் ஒழுங்கு செய்துகொண்டாள். பொருளியலும் புவியியலும் பகலில் ஈஸ்பீக்கோடு, விரைவாக. ஆங்கிலம் கைத்தொலைபேசியில். இலக்கியம் மட்டும் இரவில், தாயாரோடு. தாயார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். கடினமான சொற்களில் தடுக்கி நின்று, இரண்டாம் முறை சரியாக வாசிப்பாராம். அவர் இரவு ஒன்பது மணிக்குமேல் தையல் இயந்திரத்தைத் தொடுவதில்லை என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கின்றார். அந்த நேரத்தில் தைத்தால் இரண்டு சட்டைகள் முடியும் என்று, நாம் கேட்காமலே, மகள் எம்மிடம் சொன்னாள்.